மூன்று நிமிட ஜாஸ்: அரக்குத் தட்டுகளின் கதை

1923 ஏப்ரல். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற சிற்றூர். ஸ்டார் பியானோ கம்பெனியின் தொழிற்சாலை வளாகத்தில், ரயில் பாதையை ஒட்டி ஓர் ஒலிப்பதிவு அறை. சிகாகோவிலிருந்து வந்திருந்த கிங் ஆலிவரின் ஜாஸ் குழு அங்கே வாசிக்கத் தயாரானது. அறையில் மைக் கிடையாது. ஒரு பெரிய புனல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்று குழு வாசிக்க, அந்த அதிர்வே ஊசியை அசைத்துச் சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்க வேண்டும். பக்கத்துப் பாதையில் ரயில் வந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

குழுவில் இரண்டாவது கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசித்தவருக்கு வயது 21. அவர் ஊதிய வேகத்தில் மற்ற வாத்தியங்கள் அமுங்கிப்போனதால் அவரைப் பின்னால் தள்ளி நிற்கவைத்தார்கள் என்று, அதே குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். டிரம்ஸ் வாசித்த பேபி டாட்ஸின் பாடு இன்னும் சிரமம். பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் மரக்கட்டையைத் தட்டித் தாளம் காட்ட வேண்டியதாயிற்று. பின்னால் நிறுத்தப்பட்ட இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். அடுத்த ஆண்டே லில் ஹார்டினை மணந்துகொண்டார். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் ஜாஸின் போக்கையே மாற்றிவிட்டார்.

ஸ்டார் கம்பெனியின் ஜென்னட் என்ற லேபிளில் வெளிவந்த அந்தத் தட்டுகளை இன்று முதன்முறையாகக் கேட்பவர்கள் முகம் சுளிப்பதுண்டு. ஒரே இரைச்சல், வாத்தியங்கள் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஒலி, டிரம்ஸ் எங்கே என்றே தெரியவில்லை. ஆனால் அந்த அறையில் நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டு கேட்டால், ஆம்ஸ்ட்ராங்கின் தனி ஆவர்த்தனம் முதன்முதலாகப் பதிவான ‘சைம்ஸ் ப்ளூஸ்’ வேறு மாதிரி ஒலிக்கும். பழைய ஜாஸ், ப்ளூஸ் ரசனையின் சாவி இதில் இருக்கிறது. அந்த இசையை அது பதிவான கருவியிலிருந்தும் தட்டிலிருந்தும் பிரித்துக் கேட்க முடியாது.

சோட்டா நாக்பூரிலிருந்து சிகாகோவுக்கு

ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட்டைத் தாங்கிய தட்டின் மூலப்பொருள் பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து போனது. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் சாறு உறிஞ்சி வாழும் அரக்குப் பூச்சி, தன்னைச் சுற்றி ஒரு பிசினைச் சுரந்து ஓடு கட்டிக்கொள்கிறது. இன்றைய ஜார்க்கண்டின் சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தில் பழங்குடி மக்கள் அதைக் கிளையோடு வெட்டிச் சேகரித்தார்கள். சுரண்டி, கழுவி, துணிப் பையில் இட்டு, கரி நெருப்பின் அருகே உருக்கிப் பிழிந்து, மெல்லிய தகடாக இழுத்தால் ஷெல்லாக் தயார். மூட்டை மூட்டையாகக் கல்கத்தா துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. இந்தத் தொழிலுக்கென்றே ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் 1924-ல் ஓர் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கப்பட்டது. வளையலுக்கும் முத்திரைக்கும் பயன்பட்ட பொருள், பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் கட்டிய மாளிகைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பொருள், இப்படிக் கிராமபோன் யுகத்தின் உயிர்ச்சரக்கு ஆனது.

தட்டு முழுவதும் அரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அது பிடிமானப் பசை மட்டும்தான். தட்டின் பெரும்பகுதி கல்தூள்: பலகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அரைத்த பொடி. கொஞ்சம் பஞ்சு இழை, கறுப்பு நிறத்துக்குப் புகைக்கரி. கல்தூள் தட்டுக்கு உறுதி கொடுத்தது. கூடவே இன்னொரு வேலையும் செய்தது. கிராமபோனின் எஃகு ஊசியைத் தட்டின்மேல் வைத்ததும், முதல் சில சுற்றுகளிலேயே ஊசிமுனையைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்கு ஒத்துவரச் செய்தது. அதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாற்றச் சொன்னார்கள். பழைய தட்டுகளில் பொரிவது போலத் தொடர்ந்து கேட்கும் சரசரப்பில் ஒரு பங்கு இந்தக் கல்தூளுடையது.

மூன்று நிமிடக் கட்டுப்பாடு

நிமிடத்துக்குச் சுமார் 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், சற்றுக் கூடுதல். நடன அரங்குகளில் ஒரே பாட்டைப் பத்து நிமிடம், இருபது நிமிடம் வளர்த்துக்கொண்டு போன ஜாஸ் குழுக்கள் பதிவு அறைக்குள் வந்ததும் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. விஸ்தாரமாக ராக ஆலாபனை செய்து பழகிய நம் கர்நாடக வித்வான்களும் இதே சிக்கலைத்தான் எதிர்கொண்டார்கள். மூன்று நிமிடத்தில் ராகத்தின் சாரத்தைக் காட்டிவிட வேண்டும்.

ஜாஸின் உயிர் மனோதர்மம். மெட்டு ஒன்றை வைத்துக்கொண்டு கலைஞர் அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பது. இடம் குறைந்தபோது ஒவ்வொரு சுரமும் காரியமாக வர வேண்டும் என்ற நெருக்கடி ஏற்பட்டது. அதற்குச் சிறந்த சான்று, 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங் ஓகே லேபிளுக்குப் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’. தொடக்கத்தில் பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் டிரம்பெட் மட்டும் சில விநாடிகள் பாய்ந்து ஏறி, சரிந்து இறங்குகிறது. அதன்பிறகு குழு நிதானமாகச் சேர்ந்துகொள்கிறது. இடையில் ஆம்ஸ்ட்ராங் சொல்லே இல்லாமல் குரலால் கிளாரினெட்டுக்குப் பதில் சொல்கிறார். ஏர்ல் ஹைன்ஸின் பியானோ தனியாக ஒரு சுற்று. கடைசிச் சுற்றில் டிரம்பெட் ஒரே சுரத்தைப் பிடித்து விடாமல் நீட்டுகிறது. இத்தனையும் சுமார் மூன்றேகால் நிமிடத்தில்.

இந்த மூன்று நிமிடக் கட்டுக்கு அடங்க மறுத்தவர்களும் உண்டு. டியூக் எலிங்டன் 1935-ல் ‘ரெமினிசிங் இன் டெம்போ’வை எழுதியபோது அது தட்டின் நான்கு பக்கங்களை எடுத்துக்கொண்டது. கேட்பவர் நடுநடுவே எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப்போட வேண்டும்.

1925-ல் மைக்கும் மின்சாரப் பதிவும் வந்தன. புனலுக்கு முன் கத்த வேண்டிய தேவை போயிற்று. மெல்லிய குரலும், பாஸ் வாத்தியமும், கிதாரின் நுணுக்கமும் பள்ளத்துக்குள் இறங்கின. பழைய தட்டுகளைத் தேடுகிறவர்கள் இந்த ஆண்டை ஓர் எல்லைக்கல்லாக வைத்திருப்பார்கள். புதிதாகக் கேட்க வருகிறவர்கள் 1926-க்குப் பிந்தைய பதிவுகளிலிருந்து தொடங்குவது காதுக்கு எளிது.

நாற்காலிக் கம்பெனி விற்ற ப்ளூஸ்

தென் மாநிலப் பருத்தி வயல்களிலும் சிறு ஊர்களிலும் கறுப்பின மக்கள் பாடி வளர்த்தது ப்ளூஸ். பெரும்பாலும் மூன்று வரிக் கட்டு: ஓர் அடியைச் சொல்லி, அதையே திரும்பச் சொல்லி, மூன்றாவது அடியில் பதிலை வைப்பது. பல காலமாக அதைப் பதிவு செய்ய எந்தப் பெரிய கம்பெனியும் முன்வரவில்லை. கறுப்பின மக்கள் தட்டு வாங்க மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. 1920 ஆகஸ்டு 10 அன்று நியூயார்க்கில் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி ப்ளூஸ்’ அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. ஓகே வெளியிட்ட அந்தத் தட்டு அள்ளிக்கொண்டு போனது. உடனே எல்லாக் கம்பெனிகளும் கறுப்பினப் பாடகர்களைத் தேடி ஓடின. ‘ரேஸ் ரிக்கார்டு’ என்று தனி வரிசை போட்டு, கறுப்பினப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து விற்றார்கள். லட்சக்கணக்கில் விற்ற பெஸ்ஸி ஸ்மித்துக்குக்கூடக் கொலம்பியா கம்பெனி பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைத்தான் கொடுத்தது. விற்பனையில் பங்கு கிடையாது.

இந்த வரலாற்றில் விசித்திரமான கம்பெனி, பாரமவுண்ட். விஸ்கான்சின் மாநிலத்தில் மரச்சாமான் செய்துகொண்டிருந்த விஸ்கான்சின் சேர் கம்பெனி, கிராமபோனுக்கு மரப்பெட்டி செய்து கொடுக்கத் தொடங்கியது. பெட்டி விற்க வேண்டுமானால் போட்டுக் கேட்கத் தட்டும் வேண்டுமே என்று தட்டுத் தொழிலில் இறங்கியது. சரக்கின் தரம் மட்டம். புதுத் தட்டிலேயே இரைச்சல் தாராளம். ஆனால் ஜே. மேயோ வில்லியம்ஸ் என்ற கறுப்பின நிர்வாகியும், மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் இசைப்பொருள் கடை வைத்திருந்த எச்.சி. ஸ்பியரும் பிறரும் கண்டுபிடித்துக் கொடுத்த கலைஞர்களின் பட்டியல் இன்று நம்ப முடியாதது: மா ரெய்னி, பிளைண்ட் லெமன் ஜெபர்சன், சார்லி பேட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ்.

பேட்டன் முதன்முதலாகப் பாரமவுண்டுக்குப் பாடியது 1929 ஜூனில், ரிச்மண்டின் அதே ரயில் பாதை ஓரத்து அறையில். அவருடைய ஒரு தட்டைப் பேரே போடாமல் ‘முகமூடி அற்புதன்’ என்று பொருள்படும் புனைபெயரில் வெளியிட்டு, பாடியவர் யாரென்று சரியாகச் சொன்னால் ஒரு தட்டு இலவசம் என்று போட்டி வைத்தது கம்பெனி.

ஜென்னட்டின் கதையிலும் ஒரு முரண் உண்டு. கறுப்பின ஜாஸின் அரிய பதிவுகளைச் செய்த அதே கம்பெனி, கட்டணம் வாங்கிக்கொண்டு கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்துக்கும் பாட்டுத் தட்டு அச்சடித்துக் கொடுத்தது. கம்பெனிக்கு எல்லாமே விற்பனைச் சரக்குதான்.

உடைத்து உருக்கிய காலம்

சரக்காகவே நினைத்ததால் காப்பாற்றவும் யாருக்கும் தோன்றவில்லை. 1929-ல் பங்குச்சந்தை சரிந்தது. வீட்டுக்கு வீடு வானொலி வந்திருந்தது. 1927-ல் அமெரிக்காவில் 10 கோடித் தட்டுகள் விற்றன என்றால் 1932-ல் சுமார் 60 லட்சம்தான். பாரமவுண்ட் 1932-ல் பதிவையே நிறுத்தியது. தட்டு அச்சடிக்கும் உலோக மூலங்கள் பழைய உலோக விலைக்குப் போயின. வேலை இழந்த தொழிலாளர்கள் கோபத்தில் தட்டுகளைப் பக்கத்திலிருந்த மில்வாக்கி ஆற்றில் வீசினார்கள் என்று ஒரு கதை உண்டு. 78 தட்டுச் சேகரிப்பாளர்களைப் பற்றி 2014-ல் நூல் வெளியிட்ட அமாண்டா பெட்ரூசிச் அந்த ஆற்றில் மூழ்கியே தேடிப் பார்த்தார். தட்டு ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்த அடி இரண்டாம் உலகப்போர். இந்தியாவிலிருந்து கப்பல் வருவது ஆபத்தாயிற்று. ராணுவத்துக்கும் ஷெல்லாக் தேவைப்பட்டது. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு தட்டுக்கான ஷெல்லாக்கை 70 சதவீதம் வெட்டியது. புதுத் தட்டு வேண்டுமானால் பழையதைக் கொண்டுவா என்றார்கள் கடைக்காரர்கள். வீடு வீடாகச் சேகரித்த பழைய தட்டுகளை அரைத்து உருக்கிப் புதுத் தட்டு செய்தார்கள். 1920-களின் ப்ளூஸ் எத்தனை இப்படிப் பொடியாயிற்று என்று கணக்கில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், உரிமைத் தொகை கேட்டு இசைக்கலைஞர் சங்கம் பதிவு அறைகளைப் புறக்கணித்தது. அந்த இடைவெளியில்தான் பீபாப் என்ற புது ஜாஸ் நியூயார்க் விடுதிகளில் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் பிள்ளைப்பருவம் பெரும்பாலும் எந்தத் தட்டிலும் ஏறவில்லை.

தேடிப் போனவர்கள்

ராபர்ட் ஜான்சன் என்ற மிசிசிப்பிக் கலைஞர் 1936-லும் 1937-லும் டெக்சாசில் மொத்தம் 29 பாடல்களைப் பதிவு செய்தார். 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நடத்தவிருந்த கச்சேரிக்கு அவரை அழைக்கத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் விரும்பினார். விசாரித்தபோது, ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார் என்று தெரியவந்தது. ஹாமண்ட் மேடைக்கு ஒரு கிராமபோனைக் கொண்டுவரச் செய்து ஜான்சனின் இரண்டு தட்டுகளை அரங்கம் முழுவதற்கும் போட்டுக் காட்டினார்.

அதன் பிறகு தட்டைத் தேடுவதே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு கூட்டம் கிளம்பியது. புரூக்ளினில் ஒய்.எம்.சி.ஏ. அறையில் வாழ்ந்த ஜேம்ஸ் மெக்கியூன் 1944-ல் வாங்கிய பேட்டன் தட்டிலிருந்து கிராமிய ப்ளூஸ் சேகரிப்பு தொடங்கியதாகச் சொல்வார்கள். மேரிலாண்டின் ஜோ பஸ்ஸார்ட் காரை எடுத்துக்கொண்டு தென் மாநிலக் கிராமங்களில் வீட்டுக் கதவைத் தட்டி, பழைய தட்டு இருக்கிறதா என்று கேட்டபடியே பல்லாண்டுகள் அலைந்தார். 2022-ல் அவர் இறந்தபோது வீட்டின் நிலவறையில் சுமார் 15,000 தட்டுகள் இருந்தன.

தட்டைத் தேடியவர்கள் சில சமயம் ஆளையே கண்டுபிடித்தார்கள். மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-ல் சில பாடல்களைப் பாடிவிட்டு, அவை விற்காததால் விவசாயக் கூலியாகவே திரும்பிப் போனவர். அவருடைய ‘அவலான் ப்ளூஸ்’ தட்டில் சொந்த ஊரைப் பற்றிப் பாடியிருந்தார். 1963-ல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ரசிகர் அந்தப் பாட்டையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு வரைபடத்தில் அவலானைத் தேடிப் போனார். ஊரில் விசாரித்தார். எழுபதை எட்டிய ஹர்ட் அங்கேயே இருந்தார். சில மாதங்களில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் அவர் பாடியபோது கேட்டவர்கள் அசந்துபோனார்கள். விரல் வித்தை அப்படியே இருந்தது.

அரிய தட்டுகளின் விலை இன்று தலைசுற்ற வைக்கும். டாமி ஜான்சனின் ‘ஆல்கஹால் அண்ட் ஜேக் ப்ளூஸ்’ என்ற பாரமவுண்ட் தட்டு 2013-ல் இணைய ஏலத்தில் 37,100 டாலருக்குப் போயிற்று. ஆனால் அது விதிவிலக்கு. ஸ்விங் என்ற ஜாஸ் வகை கோலோச்சிய காலத்தின் பிரபலமான தட்டுகள் லட்சக்கணக்கில் அச்சானவை; இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன.

பம்பாய், கல்கத்தா

அரக்கு அமெரிக்காவுக்குப் போன பாதையில் ஜாஸ் எதிர்த்திசையில் வந்தது. 1935-ல் லியோன் ஆபியின் கறுப்பினக் குழு பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் வாசிக்க வந்தது. அதில் இருந்த டிரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித் அடுத்த ஆண்டு பம்பாயிலேயே தட்டுப் பதிவு செய்தார். சிகாகோவில் புகழ்பெற்ற பியானோ கலைஞர் டெடி வெதர்போர்டு போர்க்காலத்தில் கல்கத்தாவின் கிராண்ட் ஹோட்டலில் குழு நடத்தி, கொலம்பியாவுக்காக அந்த நகரிலேயே பல பாடல்களைப் பதிவு செய்தார். 1945-ல் காலரா அவரைக் கொண்டுபோயிற்று. நரேஷ் பெர்னாண்டஸின் ‘தாஜ்மகால் ஃபாக்ஸ்டிராட்’ என்ற நூல் இந்தக் காலத்தை விரிவாகச் சொல்கிறது. மேற்கே வினைல் வந்து 78 ஓய்ந்த பிறகும் இந்தியாவில் அரக்குத் தட்டு அச்சாகிக்கொண்டுதான் இருந்தது. பீட்டில்ஸ் பாடல்களே இங்கு 78 தட்டில் வெளிவந்தன. உலகச் சேகரிப்பாளர்கள் அவற்றை இன்றும் தேடுகிறார்கள்.

வாங்கும்போதும் போடும்போதும்

பழைய சாமான் கடையில் 78 தட்டு ஒன்று கிடைத்தால் முதலில் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். பள்ளங்கள் கறுத்துப் பளபளத்தால் நல்லது. சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் எஃகு ஊசி சுவரைத் தின்றுவிட்டது என்று பொருள். எவ்வளவு கழுவினாலும் ஒலி திரும்பாது. ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் சுற்றுக்கொரு முறை ‘டக்’ என்று கேட்கும். லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டால், எப்போது, எங்கே, எத்தனையாவது முறை பாடியது என்று பதிவுப் பட்டியல்களில் தேடிப் பிடிக்கலாம்.

துடைக்க ஸ்பிரிட்டோ ஆல்கஹாலோ கூடவே கூடாது. மரவேலைக்காரர்கள் மெருகெண்ணெய்க்கு அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான்; தட்டும் அப்படியே கரையும். சுத்தமான தண்ணீர், இரண்டு சொட்டு மிதமான சோப்பு, மென்மையான துணி போதும். லேபிள் நனையக் கூடாது. அடுக்கிப் படுக்கப் போடாமல் நெருக்கமாக நிறுத்தி வைக்க வேண்டும். கை தவறினால் பீங்கான் தட்டின் கதிதான்.

சாவி கொடுக்கும் பழைய கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கு மேல் ஊசியை அழுத்தும்; ஒவ்வொரு முறை போடும்போதும் தட்டு கொஞ்சம் தேயும். அழகுக்குச் சாதாரணத் தட்டு ஒன்றை அதில் போட்டுக் கேட்கலாம். அந்தக் காலத்திலேயே இதற்கு அஞ்சியவர்கள் மூங்கில் ஊசியும் கள்ளி முள்ளும் பயன்படுத்தினார்கள். அரிய தட்டுக்கு 78 வேகம் உள்ள மின்சார டர்ன்டேபிளும், சில கிராம் மட்டுமே அழுத்தும் கையும் ஏற்றவை. வினைல் எல்.பி. தட்டுக்கான ஊசி இதற்கு உதவாது. அது பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து அழுக்கை மட்டும் வாசிக்கும். 78-க்கு ஏறக்குறைய 3 மில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, முனை கொண்ட ஊசி வேண்டும். வேகத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஆரம்ப காலத்தில் 70-லிருந்து 80 சுற்றுக்கு மேல் வரை கம்பெனிக்குக் கம்பெனி மாறியது. சுருதி இயல்பாக அமையும் வரை வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிற ரசிகர்கள் உண்டு.

தட்டும் கருவியும் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011 முதல் ‘நேஷனல் ஜூக்பாக்ஸ்’ என்ற பெயரில் 1925-க்கு முந்தைய ஆயிரக்கணக்கான பதிவுகளை இலவசமாகக் கேட்கத் தருகிறது. அமெரிக்கச் சட்டப்படி 1923-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022-லேயே பொதுச்சொத்தாகிவிட்டன. 2024 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் அடுத்தடுத்த ஓர் ஆண்டுப் பதிவுகள் சேர்கின்றன.

கேட்கத் தொடங்க ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ ஒன்று. பில்லி ஹாலிடே 1939-ல் பாடிய ‘ஸ்டிரேஞ்ச் ஃப்ரூட்’ ஒன்று. கறுப்பின மக்களை அடித்துத் தூக்கிலிட்ட கொடுமையைச் சொல்லும் அந்தப் பாட்டைக் கொலம்பியா தொட மறுக்க, கொமடோர் என்ற சின்னஞ்சிறு லேபிள் வெளியிட்டது. பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927-ல் டல்லஸில் பதிவு செய்த ‘டார்க் வாஸ் த நைட்’ ஒன்று; சொற்களே இல்லாத முனகலும் கிதாரும். 1977-ல் வாயேஜர் விண்கலத்தோடு அனுப்பிய தங்கத் தட்டில் கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் அதுவும் சேர்ந்தே இருக்கின்றன.

நம் காதுக்கு மிக அருகில் வருவது ஒருவேளை பெஸ்ஸி ஸ்மித் 1925 ஜனவரியில் பாடிய ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’. புனலுக்கு முன் நின்று பாடியது. டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை. ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் ஒவ்வொரு அடிக்கும் பதில் சொல்ல, பிரெட் லாங்ஷா பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது ஹார்மோனியம். இணைய ஆவணக் காப்பகத்தின் 78 தட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு தட்டையும் நான்கு வெவ்வேறு அளவு ஊசிகளால் ஒரே சமயத்தில் வாசித்துப் பதிந்தார்கள். தேய்ந்த தட்டானாலும் நான்கில் ஏதாவது ஒரு ஊசி, தேயாத சுவரைத் தொட்டுவிடும். இப்படிப் பதிந்த பாட்டு கிடைத்தால் நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டு, எதில் பாடகியின் குரல் முன்னால் வருகிறது, எதில் சரசரப்பு பின்னால் போகிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி.